விசாரிப்பு

பள்ளிச் சுவரோரம் குப்பையைக் கொட்டுவதும் எதிர்வீட்டு வாசுகிதான், பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களை வழிமறித்து, "இந்த ஸ்கூலா? நாத்தம் குடலைப் புடுங்குது, புள்ள எங்க வெளங்கும்?" என்று திருப்பி அனுப்புவதும் அவள்தான். இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் யாருமே சேரவில்லை; பள்ளியை மூடப்போகிறார்கள். அன்று காரில் வந்த ஓர் அம்மாள் தலைமையாசிரியை பொற்கொடியின் எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "எதிர்வீட்டு வாசுகியம்மா பொண்ண எங்க பையனுக்குப் பாக்குறோம். டீச்சர் சொன்னா சரியா இருக்கும். பொண்ணு எப்படிங்க?" தங்கமான பெண் என்று பொற்கொடிக்குத் தெரியும். அவள் எழுந்துபோய், எழுத்தே இல்லாத கரும்பலகையை மூலைமூலையாகத் துடைத்தாள். அந்த அம்மாள் வெகுநேரம் காத்திருந்தாள். "புரிஞ்சுதுங்க டீச்சர்." கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை பொற்கொடி திரும்பவில்லை.