அவள் ஏறினால் இழுக்காத ஜீப்

"இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லவே. இதோட மூணு வாட்டி சொல்லியாச்சு," என்றார் மெக்கானிக் தேவசிகாமணி, கைக்கரியைத் துணியில் துடைத்தபடி.

பரமசிவன் தன் பழைய பெட்ரோல் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வாழைத்தார் ஏற்றினாலும் முகம் சுளிக்காத வண்டி அது.

"மேடு ஏற மாட்டேங்குது அண்ணாச்சி. கரும்புகையாக் கக்குது. பெட்ரோலும் தண்ணியாக் குடிக்குது."

"பிளக்கு கரி பிடிச்சுக் கெடந்துச்சு, தொடைச்சாச்சு. கார்புரேட்டரக் கழுவியாச்சு. நானே ஈரடுக்குப் பாலத்துல ரெண்டு தடவ ஏத்திப் பாத்தேன், பறக்குது. பொறவு எப்பம்தான்வே இழுக்காது?"

பக்கத்து எஸ்.டி.டி. பூத் நிழலில் துணிப்பையோடு நின்ற மனைவி கலையரசியைப் பரமசிவன் ஓரக்கண்ணால் பார்த்தான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது.

"இவ ஏறுனா இழுக்காது," என்றான்.

முப்பது வருஷமாக வண்டி பார்க்கிற தேவசிகாமணி இப்படி ஒரு கோளாறைக் கேள்விப்பட்டதே இல்லை. "ஏன், அவ என்ன நெல்லு மூட்டையா?"

"மறுவீட்டுக்குப் போகையில டயர் பஞ்சராச்சு. அதுலயிருந்து இவ ராசி சரியில்லன்னு அம்மை சொல்லுதா. நான் நம்பல. ஆனா அதுக்குப் பொறவு இவ ஏறுத அன்னைக்கெல்லாம் வண்டி முக்குது. இவ இல்லாட்டி நல்லா ஓடுது. நீங்களும் இஞ்சின்ல ஒண்ணும் இல்லங்கீக. கொஞ்ச நாளைக்கு இவள ஸ்ரீவைகுண்டத்துல அவ அய்யா வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லிட்டா அம்மை. இப்பம் அங்கனதான் போறோம்."

கலையரசி காதில் அத்தனையும் விழுந்தது. பாவம், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவசிகாமணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "ராசியாவது மண்ணாவது. வண்டிய எடும். அவளும் ஏறட்டும். எப்பவும் எப்படிப் போவீரோ அப்படியே போகணும். நான் பின்னால உக்காருதேன்."

டவுணை விட்டு ஈரடுக்குப் பாலத்தில் ஏறினார்கள். பாதி மேட்டில் ஜீப் முக்கியது, முனகியது, கரும்புகை விட்டது. சைக்கிளில் டபுள்ஸ் போனவன்கூட முந்திப்போனான். பின்னால் டவுண் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"நான் இறங்கி நடந்து வாரேன்," என்றாள் கலையரசி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீ உக்காரு தாயி," என்று தேவசிகாமணி பின்னாலிருந்து எட்டிக் கையை நீட்டினார். அவள் முன்னால் இருந்த எதையோ அவிழ்த்தார், எதையோ உள்ளே அழுத்தினார். ஜீப் ஒருமுறை இருமிவிட்டு ஒரே மூச்சில் பாலத்தின் உச்சியைத் தாண்டிவிட்டது. கலையரசி தன்னை மறந்து சிரித்தாள்.

"சோக்குவே," என்றார் தேவசிகாமணி. "காலையில குளுந்து கெடக்குத இஞ்சின எழுப்ப இழுப்போமே, அந்தக் குமிழு. ஓடும்போது அது உள்ள இருக்கணும். அதுல போயி இம்புட்டுக் கனத்தத் தொங்க விட்டிருக்கீரு. குலுங்கக் குலுங்க அது வெளிய வந்துருது. வண்டிக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

அவர் கையில், சிவப்புத் துணியில் கட்டிய முழுத் தேங்காய் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"யாரு வேலை இது?"

பரமசிவன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அம்மை மந்திரிச்சுக் குடுத்தது அண்ணாச்சி. இவ ராசி வண்டியப் பிடிக்காம இருக்க, இவ ஏறும்போது மட்டும் கட்டச் சொன்னா."

கலையரசி தேங்காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஸ்ரீவைகுண்டம் வேண்டாம், வண்டிய வீட்டுக்குத் திருப்புங்க. அத்தைக்குத் துவையல் அரைக்கணும்," என்றாள்.