பர்வதத்தின் மறதி

“வாழ்க்கையில ஏதாவது வெறுப்பாம்மா? எங்கிட்ட தைரியமா சொல்லலாம்.”

டாக்டர் ஷபானா தணிந்த குரலில்தான் கேட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காலையிலிருந்து உட்காரக்கூட முடியாத களைப்பு அந்தக் குரலில் தெரிந்தது.

பர்வதம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காதுக்குள் இரைச்சல் ஓயவில்லை. தலைமாட்டில் மானிட்டர் விட்டு விட்டுக் கத்தியது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து அவளையும் அவள் கணவரையும் ஆட்டோவில் கொண்டுவந்த எல்லப்பன் எட்டிப் பார்த்தான். “வூட்டு கேட்டப் புட்ச்சிகினு மூச்சு வாங்கிகினு நின்னாங்க மேடம். ஹார்ட் அட்டாக்குதான?”

“இல்லப்பா” என்ற ஷபானா, அணுபுரத்திலிருந்து அலறியடித்து வந்திருந்த மகன் சிவராமிடம் திரும்பினார்.

“ரத்தத்துல ஆஸ்பிரின் ரொம்ப ஏறியிருக்கு சார். இதயத்துக்குக் காவலா குடுக்கிற மாத்திரைதான். அளவு மீறினா ரத்தம் அமிலமாயிடும், துடிப்பு கண்டபடி ஓடும். தெரியாம ஒண்ணு ரெண்டு கூடப் போட்டா இப்படி ஆகாது. நாள் கணக்கா நெறைய உள்ள போயிருக்கு.”

சிவராம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பாவோட அல்லாட முடியாமதான் இப்படிப் பண்ணினியாம்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதாந்தம் அவனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இப்போது மகனையே ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

“அசடு மாதிரிப் பேசாதே” என்றாள் பர்வதம். “மறதிடா. போட்டுண்டேனா இல்லையான்னு தெரியாம, திரும்பத் திரும்பப் போட்டுண்டிருக்கேன்.”

“உனக்குமா?”

சிவராம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

“இனிமே ரெண்டு பேரும் தனியா இருக்க முடியாதும்மா. நீ எங்காத்துக்கு வந்துடு. அப்பாவக் கோவளத்துக்கிட்ட ஒரு முதியோர் ஹோம்ல...”

“அவர் எங்கேயும் போகமாட்டார்.” மூச்சுத் திணறலிலும் குரல் உயர்ந்தது. “மறந்தது நான். அவர் என்ன பண்ணினார்? போ, முதல்ல அவருக்கு இட்லி வாங்கிண்டு வா. சாம்பார் வேண்டாம், காரம் ஒத்துக்காது. அப்புறம், போன தடவை வந்தப்போ உன் கண்ணாடிய டிவி மேல வெச்சுட்டுப் போயிட்டே. வந்து எடுத்துக்கோ.”

சிவராம் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனான்.

‘மறதி’ என்று எழுதிக்கொண்டிருந்த ஷபானாவின் பேனா நின்றது. பர்வதத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய் வேதாந்தத்தின் முன்னால் குனிந்தார்.

“ஐயா, வீட்ல இவங்களுக்கு யாரு மாத்திரை குடுப்பாங்க?”

பர்வதம் பதறி எழப் பார்த்தாள். முடியவில்லை. ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்துத் தூக்கி, டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வேதாந்தம் கட்டிலைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ரகசியத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த அம்மா யாருன்னு தெரியலே. பாவம், ரொம்ப மறதி... நான்தான் ஞாபகம் வரச்சேயெல்லாம் எடுத்துக் குடுப்பேன், மறுக்காம வாங்கிப் போட்டுண்டுடுவா.”