நம்பருக்கு முந்திய ஊசி

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தன.

முன்னால் தச்சர், பின்னால் நான். நடுவில் பலகைப் பெட்டி, அதற்குள் நாய். பாதி வழிவரை நடந்துதான் வந்தது. வெயில் ஏறித் தார் சுடவும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"பேர் வச்சது சரியாத்தான்யா இருக்கு," என்றார் தச்சர். "நாம தூக்குறோம், மேஸ்திரி உக்காந்து வர்றாரு."

பெட்டி அவர் செய்தது. விமானத்தில் ஏற்ற, நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவேண்டும், ஒரு சுற்றுத் திரும்பவேண்டும் என்று சட்டம். நின்ற நாயின் காது நுனிவரை அளந்து பலகை அறுத்தார்.

நாயை ஊருக்கு அனுப்ப அனுமதி தரும் அலுவலகத்தில் இருந்தவர் நம் பேச்சுக்காரர்தான். பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். கருவியை நாயின் பிடரியில் வைத்தார். தோலுக்கடியில் இருந்த சிப்பின் நம்பர் வந்தது. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் புரட்டியவர் அப்படியே நிறுத்தினார்.

"ஊசி மூணாந்தேதி, சிப் பத்தாந்தேதி. இது செல்லாதுண்ணே. முதல்ல நம்பர், அப்புறம்தான் ஊசி. இல்லேன்னா எந்த நாய்க்குப் போட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்? மறுபடி போட்டு இருபத்தோரு நாள் போகணும்."

எனக்கு வெள்ளிக்கிழமையோடு விசா முடிகிறது.

யாரும் ஏமாற்றவில்லை. நாங்கள் வேலைக்கு வந்து இறங்கியபோது முதலில் ஊசி, ரத்தச் சோதனை. தேறினவனுக்குத்தான் நம்பர் போட்ட அட்டை. தேறாதவனுக்கு நம்பர் எதற்கு? நாய்க்கும் அதே முறைதான் என்று இருந்துவிட்டேன்.

"ஊர்ல இல்லாத நாயாண்ணே?" என்றார் அவர். நல்லவிதமாகத்தான் கேட்டார்.

தச்சர் குனிந்து பெட்டியின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

எதிரே இருந்த டாக்டரிடம் மறுபடி ஊசி போட்டோம். நாய் முனகக்கூட இல்லை. அட்டையில் இன்றைய தேதி ஏறியது.

"பத்து மாசத்துல எனக்கு லீவு வருது. நான் கொண்டாந்து சேர்க்கிறேன்யா," என்றார் தச்சர்.

பத்து மாதம். அதற்குள் சட்டம் மாறலாம், தச்சரும் மாறலாம். சரி என்றேன்.

சாயங்காலம் தங்கச்சி மகள் போனில் வந்தாள். முகம் முழுக்கத் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, மேஸ்திரி கிளம்பிடுச்சா?"

எங்களோடு இங்கே வேலை பார்த்தவரை வெள்ளிக்கிழமைதோறும் அவள் அப்பா போனை நாயின் மூக்குக்கு நேராகப் பிடிப்பார். இவள் அங்கிருந்து கூப்பிடுவாள், அது இங்கே காதை விறைக்கும். அடுத்த தடவை வரும்போது கூட்டிக்கொண்டு வருகிறேன் என்பார்.

மச்சான் ஊர் போய் ஏழு மாதமாகிறது. வேலையிடத்தில் குழி அவர்மேல் சரிந்த மூன்றாம் நாளே அவர் பெட்டிக்கு எல்லாத் தாளும் சரியாகிவிட்டது.

மகளுக்கு அவர் ஒரு நாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். அந்த நாய் இன்னும் பாக்கி.