நூத்திப் பதினெட்டு, எழுபத்தெட்டு

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தெட்டு! பாத்தியாட்டி? இன்னைக்கும் ஒரு புள்ளி கூடல, குறையல!"

ஓய்வுபெற்ற வாத்தியார் இஸ்ரவேல், மனைவியின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார். மகன் மெர்வின் மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பிரஷர் மிஷின். பொத்தானை அமுக்கினால் போதும், பட்டை தானே உப்பித் தானே தளர்ந்து, 'பீப்' என்று கத்தும்.

"தல கனமாவே இருக்குங்க. டாக்டரம்மாட்ட ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்றாள் ஜெபகனி.

"அந்தம்மா கெடக்கு! ஓட்ட மிஷின வச்சிக்கிட்டு, பிரஷர் கூடிட்டுன்னு பயமுறுத்துது. இது ஜப்பான் சாமான்ட்டி, பொய் சொல்லுமா? நாளையிலேருந்து அந்த மாத்திரைய நிறுத்து."

வெளிநாட்டுச் சாமான் என்றால் அவருக்கு வேதவாக்குதான். மகன் அனுப்பிய டேப்ரிக்கார்டரும் சுவர்க்கடிகாரமும் வந்த பாலித்தீன் உறைக்குள்ளேயே இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த மனுஷனிடம் யார் வாய் கொடுப்பது? பாவி மகள், மறுநாளே மாத்திரையை நிறுத்தினாள்.

இருபதாம் நாள் காலை, ஜெபத்துக்கு முழங்கால் போட்டவள் அப்படியே சரிந்தாள்.

"இருநூத்தி இருவது இருக்கு! மாத்திரை போடலையா? மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டார். பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தது அவள் உடம்புதான்.

அடக்கம் முடிந்த மறுநாள், இஸ்ரவேல் அந்த மிஷினை, மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகன் மடியில் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னைக்குக் காலையிலயும் பாத்தேம்லே. நூத்திப் பதினெட்டுதான் காட்டுச்சு. பொறவு எப்படிலே அவ போனா?"

மெர்வின் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினான். 118/78. தன் கையில் சுற்றிப் பார்த்தான். அதே 118/78.

பேட்டரியைக் கழற்றினான். எண் அப்படியே இருந்தது.

மிஷினின் கண்ணாடி ஓரத்தை நகத்தால் பையச் சுரண்டினான். மேலே ஒட்டியிருந்த தாளின் ஓரம், எண்ணோடு சேர்ந்து எழும்பியது.

அப்பா பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"உரிச்சிராதலே! புதுசு கெட்டுரும்னு, அந்த ஒட்டுத்தாள நான் ஒருநாளும் தொடல."