வெள்ளை டேப் சுற்றிய வட்டு

கதவைத் திறந்ததும் ஒரு கையுறை பறந்து வந்து வாரன் ப்ரெக்கேயின் நெஞ்சில் மோதியது. ஈரக் கையுறை. அதன் நாற்றம் அவர் கோட்டில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பெஞ்சுகள் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. ஒருத்தி ஹெல்மெட்டைத் தரையில் தட்டித் தாளம் போட்டாள். இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள். கோல்கீப்பர் டாக்னி மட்டும் கால்களைத் தூக்கிப் பெஞ்சில் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தாள்.

"என்னை நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்பாதீங்கடி!"

ப்ரெக்கே கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர். இந்த சீசனோடு பெண்கள் ஹாக்கி அணி கலைக்கப்படுகிறது என்று அவரே கையெழுத்திட்ட கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. கடைசி மேட்ச் முடிந்ததும் படித்துக் காட்டிவிட்டு நாலரைக்குள் வீடு போய்விடலாம் என்பது கணக்கு. டுலூத் நகரத்தில் ஆண்கள் கூடைப்பந்து பார்த்துவிட்டு, பனியில் அறுபது மைல் ஊர்ந்து வந்ததில் இந்த மேட்ச் தவறிப்போயிருந்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அவர் வரும்போதே இந்தப் பெண்களின் கூச்சல் வெளிவாசல் வரைக்கும் கேட்டது. பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸுக்குப் போன எதிரணிப் பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி திரும்பி நின்று, பாராட்டுவதுபோல் மட்டையால் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள். 'தோற்றுவிட்டும் சிரிக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் எதற்கு ஒரு விளையாட்டு?' என்று நினைத்தபடிதான் அவர் நடந்து வந்தார்.

"வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தோம்." கேப்டன் கைசா லஹ்தி பெஞ்சிலிருந்து குதித்தாள். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. "கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"எந்தக் கடிதம்?"

"கோட்டு ஒரு பக்கமாத் தொங்குதே, அந்தக் கடிதம்."

அறை சிரித்தது. அதற்குள் பெற்றோர்களும் அவருக்குப் பின்னால் வந்து நெருக்கினார்கள். "தள்ளுங்க சார், சூடு! மான்கறி!" என்று ஓர் அம்மா பெரிய பாத்திரத்தோடு நுழைந்தாள். ஓர் அப்பா செல்போனை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

கைசா சுவரைக் காட்டினாள். கல்லூரிப் பத்திரிகையின் ஜனவரி இதழிலிருந்து வெட்டி ஒட்டிய செய்தி. அதில் ப்ரெக்கேயின் சிரித்த முகம். கீழே ஒரு பத்திக்குச் சிவப்புக் கோடு.

"படிங்க சார்."

"கண்ணாடி கார்ல இருக்கும்மா."

"பரவாயில்ல. எங்களுக்கு மனப்பாடம். டாக்னி, எழுந்திருடி!"

பதினெட்டுக் குரல்கள் ஒன்றாகச் சொல்லின. "பதினாலு மேட்ச் ஆச்சு! ஒரே ஒரு கோல் போட்டுக் காட்டட்டும்! அணியைக் கலைக்கிற கடிதத்தை நானே கிழிச்சுப் போடறேன்!"

ப்ரெக்கே தொண்டையைச் செருமினார். "அது விளையாட்டாச் சொன்னது."

"நாங்க விளையாட்டா எடுத்துக்கல சார். தினமும் காலையில அஞ்சரைக்கு இதைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் ஐஸ்ல கால் வெச்சோம். படிக்காதவளுக்குப் பத்து ரவுண்டு."

"எனக்கு முப்பது" என்றாள் தரையிலிருந்து டாக்னி.

ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைக் கைசா அவர் முன்னால் நீட்டினாள். விளிம்பைச் சுற்றி வெள்ளை டேப். டேப்பில் பேனாவால் எழுதிய பெயர், தேதி.

"இது என்ன?"

"முதல் கோல் சார். முதல் கோலுக்குப் போன வட்டை இப்படி டேப் சுத்தி எடுத்து வெச்சுக்கறது வழக்கம். நம்ம டெல் போட்டா."

"எம் பொண்ணு!" என்றாள் மான்கறி அம்மா, யாரும் கேட்காமலே.

ஓரத்தில் ஒரு முதலாண்டுப் பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னப் பெண், முதல் கோல், கடைசி மேட்சில் வெற்றி. பத்திரிகைக்கு நல்ல செய்தி என்று ப்ரெக்கேக்குப் பட்டது. எதிரே செல்போன் இன்னும் இறங்கவில்லை. ஜெயித்த அணியின் முன்னால் நின்று கலைப்புக் கடிதம் படிக்கும் மனிதனாக அதில் பதிவாக அவருக்கு விருப்பமில்லை.

கடிதத்தை எடுத்தார். எல்லோரும் பார்க்கும்படி இரண்டாகக் கிழித்தார். அப்புறம் நாலாக. துண்டுகள் ஈரத் தரையில் விழுந்து மை கரைந்தது. கூச்சலில் பாத்திரத்து மூடி கீழே விழுந்து உருண்டது.

"நான் கேட்டது ஒரே ஒரு கோல்" என்று அவர் செல்போனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "என் பொண்ணுங்க மேட்சையே ஜெயிச்சுட்டு வந்து நிக்கறாங்க! இனிமே இந்த அணி மேல யாரும் கை வைக்க முடியாது. ஸ்கோர் என்னம்மா?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து விக்கினாள்.

"எட்டு, ஒண்ணு சார்."

"எட்டா!"

கைசா வட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"எட்டு அவங்க, சார். அந்த ஒண்ணுதான் நாங்க."