நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஏமாற்றப்பட்டவர்கள் நாங்கள் பதினோரு பேர். ஏமாற்றியவர் எங்களைக் கல்லூரிக்குக் கூட்டிப்போகும் வேன்காரர். குற்றம்: ஐந்து மாதத்தில் டீசல் விலை நான்கு முறை இறங்கியும் வேன் கட்டணத்தை ஒரு காசுகூட இறக்காதது.

போன வருஷம் விலை ஏறியபோது மட்டும் அதே மாதம் கட்டணத்தை ஏற்றத் தெரிந்தது. முணுமுணுக்காமல் கொடுத்தோம். மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். அது வேண்டாமே என்று வேன் போகும் சுற்றைக்கூடச் சுருக்கிக்கொண்டோம். இதற்கு மேல் ஒரு பயணி என்னதான் விட்டுக்கொடுப்பது?

"அரசாங்கமும் இதைத்தான் பண்ணுது," என்றேன் வேனுக்குள். "உலகச் சந்தையில எண்ணெய் விலை ஏறினா மறுநாளே பங்க்ல ஏறும். இறங்கினா, சத்தமில்லாம வரியைக் கூட்டி நடுவுல உருவிக்குவாங்க. தேர்தல் வந்தாத்தான் மிச்சம் நம்ம கண்ணுல படும். மந்திரியைக் கேள்வி கேக்கணும்னா முதல்ல வேன்காரரைக் கேக்கணும்."

"கேக்கணும்," என்றாள் என் தோழி. நான் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதால் வகுப்பில் அவளுக்கு 'வழிமொழி' என்று பெயர்.

வேன்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "எதிர்க்கட்சி இன்னிக்குச் சீக்கிரமே சபையைக் கூட்டிடுச்சே."

"சிரிச்சு மழுப்பாதீங்கண்ணா. எப்போ குறைப்பீங்க?"

"இப்போதைக்கு முடியாதும்மா."

"டீசல்ல மிச்சமாகிற காசெல்லாம் எங்க போகுது?"

"வண்டிக்குத்தான் போகுது."

வண்டிக்காம். சீட்டில் கிழிந்த உறை கிழிந்தபடியே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி கந்தல் துணியைச் சொருகித்தான் ஆடாமல் நிற்கிறது. யாரிடம் கதை விடுகிறார்?

நான் பொருளாதாரம் படிப்பவள். ஆதாரம் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன். காலையில் வேன் கிளம்புவது எங்கள் தெருமுனையிலிருந்து. இரவில் நிற்பதும் அங்கேதான். மாலையில் கடைசி ஆளாக இறங்கும்போது மீட்டரை ஃபோனில் படம் எடுத்தேன். மறுநாள் காலை முதல் ஆளாக ஏறும்போது இன்னொரு படம்.

ஆறு நாள் எடுத்தேன். ஆறு நாளும் இரண்டு படத்துக்கும் நடுவே நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

"விடியக்காலையில தனியா வாடகைக்கு ஓட்டறாரு," என்று கேன்டீனில் அறிவித்தேன். "நம்ம காசுல டீசல் போட்டு."

"நம்ம காசுல," என்றாள் வழிமொழி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதே வழியில் மஞ்சள் வேன் ஓட்டும் இன்னொருவர் குறைந்த கட்டணத்துக்கு வரத் தயாராக இருந்தார். திங்கள்கிழமை முதல் எல்லோரும் அதற்கு மாறுவது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பதினோரு கைகள் உயர்ந்தன. நாங்கள் போய்விட்டால் இவரால் வேனுக்குத் தவணை கட்ட முடியாது, வண்டியே கையைவிட்டுப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தூக்கினோம்.

வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரி வாசலில், ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பன்னிரண்டு படம் இருக்கு. எங்களை ஏத்துறதுக்கு முன்னாடியே தினமும் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் வண்டி எங்கண்ணா போயிட்டு வருது?"

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "கை நடுங்காம எடுத்திருக்கியேம்மா."

"பேச்சை மாத்தாதீங்க. யாருக்கு ஓட்டறீங்க?"

"அதை விடு. திங்கக்கிழமை மஞ்சள் வேனுக்குப் போறீங்களாமே. போங்க. அந்த ஆளு நிதானமாத்தான் ஓட்டுவான்."

"பதில் இல்லைன்னா, தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கங்க."

"எனக்குத்தான் ஓட்டறாரு."

குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கை நிறைய லைப்ரரி புத்தகங்களோடு நின்றிருந்தாள், முன்பு எங்கள் வேனில் கடைசி சீட்டில் வந்தவள். ஊருக்கு வெளியே கல்குவாரிக் குடியிருப்பில் வீடு. நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு இந்தப் பருவத்தில்தான் திரும்பியிருந்தாள். எப்படி வந்து போகிறாள் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

"எங்க பக்கம் காலையில பஸ் கிடையாது. அப்பா விடியறதுக்கு முன்னாடியே குவாரிக்குள்ள போயிடுவாரு, சாயங்காலம்தான் அவரால வந்து கூட்டிட்டுப் போக முடியும்," என்றாள். "டீசல் விலை இறங்கினதும் அண்ணா வீட்டுக்கே வந்தாரு. இப்போ கட்டுப்படியாகும், புத்தகத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புன்னாரு. என்னைக் கொண்டுவந்து லைப்ரரி வாசல்ல விட்டுட்டுத்தான் உங்களை ஏத்த வர்றாரு. இந்த வருஷமும் படிப்பு நின்னிருந்தா காலேஜ்ல என் பேரையே எடுத்திருப்பாங்க."

நாங்கள் சுருக்கிக்கொண்ட சுற்று அவள் வீட்டுக்குப் போகிற சுற்று.

போன வருஷம் இதே வேனில் எழுந்து நின்று, "ஒருத்திக்காகப் பதினோரு பேர் ஏன் கூடுதலாக் கொடுக்கணும்? ஏன் அரைமணி முன்னாடி எழுந்திருக்கணும்?" என்று கேட்டவள் நான்தான். வாக்கெடுப்பு நடத்தியவளும் நான்தான். பன்னிரண்டு பேரில் பதினோரு கைகள் உயர்ந்தன. உயராத கை இப்போது புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது.

வழிமொழி என் பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்துகொண்டாள்.

எனக்கு ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. அதையும் பழைய மிடுக்கோடு கேட்க வரவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?"

அவர் ஃபோனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சொன்னா, மறுபடியும் கை தூக்கச் சொல்லுவியேம்மா."