குருவி காத்திருக்கும்

பேச்சு குழறுபவர்களுக்காகப் பேசும் கருவி என்றால் ஊரெல்லாம் ஆகாசம் டேப்லெட்தான். நாம் சொல்ல வருவதை முன்பே ஊகித்து அதுவே பேசிவிடும். ஓசூரில் ஐந்து பேர் சேர்ந்து தயாரிக்கும் குருவி டேப்லெட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஓராண்டு உழைத்து அவர்களும் ஊகிக்கும் மென்பொருளை எழுதி முடித்தார்கள். இதுவும் எடுபடாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். இருக்கிற சில வாடிக்கையாளர்களையாவது தக்கவைக்க, ஐவரில் ஒருத்தியான நஸீமா வீடு வீடாகப் போய் அவர்களுடைய குருவியில் அதை ஏற்றினாள்.

செண்பகவல்லி மட்டும் மறுத்துவிட்டாள். பக்கவாதம் வந்த கணவர் ஞானதுரை குழறிச் சொல்வதைக் குருவிதான் தெளிவாகத் திருப்பிச் சொல்லும்.

"முன்னாடி ஆகாசம்தாம்மா வச்சிருந்தோம். இவர் வாயெடுக்கறதுக்குள்ள 'காபி பிரமாதம்'னு அதுவே சொல்லிடும். இவரும் பேசறதையே விட்டுட்டார். உங்க குருவி, சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கு."

ஞானதுரை காபியை ஒரு வாய் குடித்தார். உதடு கோணியது. "ச... சக்..." என்று திணறினார். குருவி காத்திருந்தது. நஸீமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் முடித்த பிறகுதான் குருவி வாய் திறந்தது.

"சக்கரை பத்தல."

நஸீமா எதையும் ஏற்றாமலே பையை மூடினாள்.

"கேட்டீங்களா, குறை சொல்றார்!" என்று பூரித்துப்போய் சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினாள் செண்பகவல்லி.